கீழைக்கரையில் நான்கு நாள்

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எங்கே சென்றாலும் தாம் முன்னால் நின்று பேசவேண்டும். பிறர் வரிசையாக இருந்து கேட்கவேண்டும். இருபது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற எம்மையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. சென்ற ஆவணி விடுமுறையிலே நான்கு நாட்கள் பிறர் சொல்லைக் கேட்டு, பிறர் பின்னாற் செல்லும்படி நேர்ந்தது. அதனைப்பற்றி இந்த வாரம் எழுத எண்ணுகிறோம். வாசகர்கள் இதனை ஒரு பிரயாணக் கட்டுரையாகக் கொள்ளலாம். எமது குற்ற ஒப்புதலாகவும் கொள்ளலாம்.

எம்மிடம் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. வீட்டிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்குமாக அது எமது வாழ்க்கையைப் போலவே ஒரு முக்கோணத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது சென்ற அதிக தூரம் நிலாவெளி. இப்படியிருக்க, வங்கியில் உத்தியோகம் பார்க்கும் எமது பழைய மாணவர் ஒருவர் வந்து, திருகோணமலையிற் புறப்பட்டு மட்டக்களப்பு, பொத்துவில், பாணமை வழியாக உகந்தை வரையிற் செல்லும் ஒரு சுற்றுப்பிரயாணம் இருக்கிறது என்றார். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்வார், அவருடைய உதவியாளர் கடைசியாக வருவார், இடையில் எழுவர். வெள்ளைக்காரர்கள் பணம் கொடுத்துச் செய்யும் காரியம் இது என்று நாம் எண்ணியிருந்தோம். இப்போது நம்மவர்களும் செய்கிறார்களாம். நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு இது பொருந்துமா என்று கேட்டோம். "சேர், அங்கே ஓடவேண்டியது வயதல்ல, வண்டி" என்றார் அவர். எம்மிடம் படித்ததன் பயன்!

எழுவரில் இன்னொருவனும் எமது மாணவனாக இருந்தவன். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தமையனுடைய வண்டியை இரவல் பெற்றிருந்தான். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை அவனுடைய தாயார் எமது படலையடிக்கு வந்தார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. "சேர் போறபடியாத்தான் இவனை விடுறன்" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையின் பாரம் அப்போது எமக்குத் தெரியவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

வழிகாட்டி கிண்ணியாவைச் சேர்ந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசாதவர். முதல்நாள் விடியற்காலையில், கோணேசர் கோவில் மணியோசை காற்றிலே வந்துகொண்டிருக்க, கடற்கரையில் எல்லோரையும் வட்டமாக நிறுத்திப் பத்து நிமிடம் சில விதிகளைச் சொன்னார். முன் செல்லும் வண்டிக்கு நேர் பின்னால் ஓடக்கூடாது. ஒருவர் தெருவின் வலப்பக்கமாகவும் அடுத்தவர் இடப்பக்கமாகவும் மாறிமாறி ஓடவேண்டும். முன்னவர் கடந்த ஒரு கம்பத்தை நாம் கடப்பதற்கு இரண்டு விநாடியாவது செல்லவேண்டும். அதற்குமுன் கடந்தால் நெருங்கிவிட்டோம் என்பது பொருள். குழுவின் வேகத்தை முன்னே செல்பவர் தீர்மானிப்பதில்லை, பின்னே வருபவரே தீர்மானிக்கிறார். பொழுதுபட்டபின் ஓட்டமில்லை.

இவற்றுக்கு மேலாக ஒரு விதி. ஒன்பது வண்டிகள் ஒன்றையொன்று பார்த்தபடியே நாள் முழுதும் ஓடுவது இயலாத காரியம். ஆகையால் தெரு பிரியும் ஒவ்வொரு சந்தியிலும் வழிகாட்டி தமக்கு அடுத்தாற்போல் வரும் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்வார். நிறுத்தப்பட்டவர் அங்கேயே நின்று பின்வரும் ஒவ்வொருவருக்கும் கைகாட்டித் திருப்பிவிட வேண்டும். மஞ்சள் மேலங்கி அணிந்த கடைசி வண்டிக்காரர் வரும்வரையில் அவர் அவ்விடத்தை விட்டு அசையக்கூடாது. வந்தபின் அவருக்கு முன்னால் வரிசையிற் சேர்ந்துகொள்ளலாம். இப்படி எல்லோருக்கும் முறை வரும். எவரும் வழி தெரிந்திருக்கவேண்டியதில்லை, வரைபடமும் தேவையில்லை, சந்தியிலே ஒரு மனிதன் நிற்பான் என்ற நம்பிக்கை போதும். "மழை பெய்தாலும் நிற்கவேணும், பசித்தாலும் நிற்கவேணும்" என்றார் வழிகாட்டி. நாம் தலையசைத்தோம். மாணவரிடத்தில் இதைவிட நீண்ட விதிகளை நாமே சொல்லியிருக்கிறோம் அல்லவா?

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமுடையது. 2009 ஒக்டோபரிலே திறக்கப்பட்டபோது இந்நாட்டின் மிக நீண்ட பாலமாக விளங்கியது. இளங்காலை வெயிலில் இடப்பக்கம் கொட்டியாரக் குடாவும் வலப்பக்கம் தம்பலகாமத்துக் களப்பும் பளிங்குபோற் கிடக்க, அதன் மேலாக ஓடுவது ஓர் அனுபவம். அதற்கு முன்னெல்லாம் இங்கே பாதை ஓடியது. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கீழ்மாகாணத்திலே 'பாதை' என்றால் தெருவல்ல, மனிதரையும் வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடக்கும் தட்டையான மிதவை. கிண்ணியாவிலிருந்து வாழைச்சேனை செல்வதற்குள் பல துறைகளில் இப்படி இறங்கி ஏறவேண்டியிருந்த காலம் எமக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாலத்தைக் கடந்து தேநீருக்கு நின்றபோது நாம் அந்தக் காலத்தைப்பற்றி உருக்கமாகப் பேசினோம். நீரின் சலசலப்பு, காத்திருந்தவர்களின் கதைகள், கச்சான் விற்ற சிறுவர்கள். பாலம் வந்து அந்த அழகையெல்லாம் அழித்துவிட்டதென்றோம்.

வழிகாட்டி தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கட வாப்பா இந்தப் பாதையிலதான் சேர் வேலை செய்தவர். இராத்திரியில பிள்ளைப்பேற்றுக்காரியைக் கொண்டுவந்து அக்கரையில வச்சுக்கொண்டு கூப்பிடுவாங்க. காத்தடிச்சாப் பாதை போகாது." சிறிது பொறுத்து, 2021 நவம்பரிலே பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிற் பாதை கவிழ்ந்ததை நினைவூட்டினார். பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்திலேதான் அது நடந்தது; பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் மாண்டார்கள். நாம் அதன்பின் பாதையின் அழகைப்பற்றிப் பேசவில்லை.

மூதூரிலே றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரை நினைத்துக்கொண்டோம். 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் கப்பலைப் பழுதுபார்க்க வந்து, கண்டியரசனுடைய ஆட்களால் தந்தையோடு பிடிபட்டவர். தந்தை மறு ஆண்டே இறந்துவிட, இவர் 1679இல் தப்பிச்செல்லும்வரை 19 ஆண்டுகளுக்கு மேல் இலங்கையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றுலா என்றால் அதுவே சுற்றுலா. தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் அக்காலத்துக் கண்டி இராச்சியத்தைப்பற்றி நமக்குக் கிடைத்துள்ள சிறந்த சாட்சிகளுள் ஒன்று. இதனை நாம் குழுவினருக்கு விரித்துரைக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் வழிகாட்டி தலைக்கவசத்தை அணிந்துகொண்டார். குறிப்பறிந்து நிறுத்தினோம்.

வெருகலாறு மகாவலியின் ஒரு கிளை. மத்திய மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் அப்பெரிய கங்கை கடலை அணுகும்போது கிளைபிரிந்து சோம்பலாக நடக்கிறது. ஆற்றங்கரையிலே சித்திரவேலாயுத சுவாமி கோவில். அங்கே வணங்கிவிட்டு ஆற்றைக் கடந்தாற் கதிரவெளி, வாகரை. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, நடுவே தெரு. 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் யுத்தம் இவ்வூர்களை வெறுமையாக்கிற்று; அதற்கு இரண்டாண்டு முன்னர் ஆழிப்பேரலை வந்து போயிருந்தது. இப்போது புதிய வீடுகளும், வெயிலிலே உலரும் வலைகளும், தெருவின் நடுவிற் படுத்து எமது ஊதுகுழலைப் பொருட்படுத்தாத மாடுகளுமாக இருக்கின்றன. பனிச்சங்கேணியிற் களப்பைக் கடக்கும்போது கச்சான் காற்று வலப்பக்கமிருந்து அடித்தது. மலைப்புறமிருந்து வரும் அந்த உலர்ந்த காற்று ஆவணியிற் பிற்பகலிலே பலமாக வீசும். மோட்டார் சைக்கிளிற் செல்பவன் அப்போது காற்றின் பக்கமாகச் சற்றே சாய்ந்து ஓடவேண்டும். கைப்பிடியை இறுகப் பிடித்தால் வண்டி தடுமாறும். தளரப் பிடித்தால் அதுவே தன் வழியைக் கண்டுகொள்ளும். இதை எமக்குச் சொன்னவன் அந்தப் பல்கலைக்கழக மாணவன். பரீட்சைக்குமுன் பேனாவை இறுகப் பிடிக்காதே என்று ஒருகாலத்தில் அவனுக்குச் சொன்னவர்கள் நாம்.

அன்றிரவு கல்குடாவில் தங்கினோம். பாசிக்குடாக் கடலைப்பற்றி எழுதாதவர் இல்லை. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்புக்குமேல் நீர் வராத கடல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இரண்டாம் நாள் ஓட்டம் குறைவு. மட்டக்களப்புக்கு மத்தியானத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டோம். கல்லடியிலே இரண்டு பாலங்கள் பக்கத்திற் பக்கமாக வாவியைக் கடக்கின்றன. பழைய இரும்புப் பாலம் 1924இலே திறக்கப்பட்டது, புதியது 2013இலே. பழையதன் மேல் நடந்து சென்றால் இன்றும் காலடியில் அதிர்கிறது. பாடும் மீனைக் கேட்டீர்களா என்று ஊர் திரும்பியபின் எல்லோரும் கேட்டார்கள். கேட்கவில்லை. அதற்கு முழுநிலா வேண்டும்; தோணியில் நடுவாவிக்குச் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீரில் இட்டு மறுநுனியிலே காதை வைக்கவேண்டும்; சுற்றிலும் அமைதி வேண்டும். எமது குழுவிலேயே இருவர் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கல்லடி உப்போடையிலே சுவாமி விபுலாநந்தர் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலே அவருடைய சமாதி இருக்கிறது. அங்கே நாம் தனியாகச் சென்றோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்த யாழைக் கணிதத்தாலும் இலக்கியத்தாலும் மீட்டெடுக்க முயன்ற ஒருவர், அந்த யாழ்நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் தமிழுக்குப் பேராசிரியரானது பாட எல்லைகளைச் சுவர்களாக்கிவிட்ட நமது காலத்திலே நினைக்கத்தக்கது. அங்கிருந்து நாவலடிப் பக்கமாகக் கடற்கரைக்கு நடந்தோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணல்நிலத்தில் நடந்ததை வாசகர்கள் அறிவர். வழிகாட்டியும் அங்கே வந்து நின்றார். இருவரும் ஒன்றும் பேசாமல் திரும்பினோம்.

மூன்றாம் நாளே எமது கதைக்கு உரிய நாள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் அந்த வழி நேரத்தை விழுங்குவது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றன் கையை ஒன்று பிடித்து நிற்கும் ஊர்கள். கோவிலும் பள்ளிவாசலும் மாறிமாறி வரும். பாடசாலை விடுமுறையானபடியால் ஒவ்வொரு ஒழுங்கையிலிருந்தும் ஒரு துவிச்சக்கரவண்டியும் அதன்மேல் மூன்று பிள்ளைகளும் வெளிப்பட்டார்கள். காரைதீவு விபுலாநந்தர் 1892இலே பிறந்த ஊர் என்று சொல்லவாவது நிறுத்தவேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தோம். நிறுத்தினார்கள்.

நிந்தவூருக்கு அப்பால் வயல்வெளி திறந்தது. சிறுபோக அறுவடை முடிந்து, தெருவின் ஓரத்தில் நெல்லைக் காயவிட்டிருந்தார்கள். சிலர் படங்கை விரித்திருந்தார்கள். சிலர் தாரின் மேலேயே பரப்பியிருந்தார்கள். காண்பதற்குப் பொன் விரித்தாற்போலிருக்கும். இரண்டு சில்லில் ஓடுபவனுக்கோ அது போளைக்குண்டுகளை விரித்தாற்போன்றது. நெல்லின்மேல் தடையை அழுத்தினால் வண்டி காலுக்குக் கீழே நழுவிவிடும். வழிகாட்டி கையை உயர்த்தி எல்லோரையும் வேகம் குறைக்கச் செய்து, நடை வேகத்தில் நெல்லைச் சுற்றிக் கொண்டுசென்றார். நெல்லைக் காலாற் கிளறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எமது ஒன்பது வண்டிகளையும் பார்த்து, "நெல்லு மேல ஏறாம போறீங்களே, நல்லா இருங்க" என்றார். அந்நெல் அவருக்கு ஆறுமாதச் சோறு.

திருக்கோவிலை அடையும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கடலைப் பார்த்து நிற்கும் பழம்பெரும் கோவில். மட்டக்களப்பு நாட்டின் தேசத்துக் கோவில்களுள் ஒன்று. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பேர்போனது. இங்கே எமது நோய் முற்றிவிட்டது. கோவிலின் வரலாறு, தேசத்துக் கோவில் என்பதன் பொருள், குடிமுறை, முக்குவர் வழக்கு என்று முக்கால் மணி நேரம் பேசினோம். கேட்டவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். வழிகாட்டி இரண்டு தடவை சூரியனைப் பார்த்தார். அதை நாம் கண்டும் காணாததுபோல் இருந்தோம் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

கோமாரியில் ஒருவருடைய வண்டியின் சங்கிலி கழன்றது. மஞ்சள் மேலங்கிக்காரர் அவருக்கு உதவியாக நின்றார். கடைசிக்கு முன்னால் வந்துகொண்டிருந்தவன் எமது மாணவன். "தம்பி, நீ போ. பொத்துவில் சந்தியில ஆள் நிற்கும்" என்று அவனை அனுப்பிவிட்டார். அவனும் புறப்பட்டான், வழியிலே சங்கமன்கண்டிப் பக்கம் சிறிது நின்று படம் எடுத்தான். இலங்கையின் கிழக்கெல்லை முனை அது. இவையெல்லாம் நாம் பின்னர் அறிந்தவை.

பொத்துவிலிலே தெரு பிரிகிறது. கொழும்பு நோக்கிய பிரதான வீதி மேற்கே திரும்பி லகுகல வழியாக மொனராகலைக்குச் செல்லும். தெற்கே செல்லும் வீதி அறுகம்குடாவுக்கும் பாணமைக்கும் உரியது. அன்று வழிகாட்டிக்கு அடுத்தாற்போல் வந்தவர்கள் நாமே. அவர் கைகாட்டி எம்மை நிறுத்திவிட்டுத் தெற்கே போனார். அப்போது ஆறு மணி. நால்வர் அடுத்தடுத்து வந்தார்கள், கைகாட்டி அனுப்பினோம். பின்பு ஒருவரும் வரவில்லை. பத்து நிமிடம், கால் மணி நேரம். பள்ளிவாசலில் மஃரிபுக்கு அழைப்பொலி எழுந்தது. தொண்டை வறண்டிருந்தது. முப்பது அடி தூரத்திலே ஓர் இளநீர்க்கடை. அங்கிருந்து பார்த்தாற் சந்தி தெரியும் என்று கணக்கிட்டோம். சென்றோம். ஓர் இளநீர் குடித்தோம். இடையிலே ஒரு பேருந்து வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. ஐந்து நிமிடத்தில் மீண்டும் சந்தியில் நின்றோம். மேலும் பத்து நிமிடத்தில் சங்கிலிக்காரரும் மஞ்சள் மேலங்கிக்காரரும் வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து புறப்பட்டோம். பரீட்சை மண்டபத்திலே விடைத்தாள்களை மூன்று தடவை எண்ணும் நாம், எம்மைக் கடந்து சென்ற தலைக்கவசங்களை ஒரு தடவையாவது எண்ணியிருக்கவில்லை.

அறுகம்குடாப் பாலத்தைக் கடந்து தங்குமிடத்தில் இறங்கியபோது எட்டு வண்டிகள்தான் நின்றன.

வழிகாட்டி எம்மிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "சேர், சந்தியை விட்டு எங்கயும் போனீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கணத்தில் 'இல்லை' என்ற சொல் எமது நாவின் நுனிவரை வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. மாணவர்கள் இப்படித்தான் பொய் சொல்கிறார்கள் போலும். தீயவர்களாக இருந்து அல்ல, வெட்கத்தினால். இளநீரைப்பற்றிச் சொன்னோம். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆள் நிற்காத சந்தியிலே அகன்ற தெருவைப் பின்பற்றுவதுதான் எவருடைய இயல்பும். அகன்ற தெரு லகுகலவுக்குப் போவது.

லகுகல என்ற பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1980ஆம் ஆண்டிலிருந்து தேசிய வனம். சிறியதுதான், ஆனால் வறட்சிக் காலத்திலே குளத்துப் புல்லைத் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக வரும் இடம். தெரு அந்த வனத்தை ஊடறுத்துச் செல்கிறது. பொழுதுபட்டபின் யானைகளும் அதே தெருவைக் கடக்கும். அவனுடைய கைத்தொலைபேசிக்கு அழைத்துப் பார்த்தோம்; அது உயிரற்றிருந்தது. வழிகாட்டி மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. இந்நேரத்தில் அங்கே அதிற் செல்வது தவறு என்று, ஊரவர் ஒருவருடைய வானைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். நாமும் வருகிறோம் என்றோம். "வேண்டாம் சேர். நீங்க சந்தியில நில்லுங்க. அவன் திரும்பி வந்தால் அங்கதான் ஆளைத் தேடுவான்" என்றார்.

நின்றோம். ஏழு மணியிலிருந்து ஏறக்குறைய ஒன்பது மணி வரையில் பொத்துவில் சந்தியிலே நின்றோம். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. இளநீர்க்காரர் போகும்போது, யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டார்; சொன்னோம்; அவர் தம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிறிது நேரம் எம்மோடு நின்றார். மேற்கிலிருந்து ஒவ்வொரு வெளிச்சமும் வரும்போது அது ஒற்றை வெளிச்சமா, இரட்டை வெளிச்சமா என்று பார்த்தோம். எட்டு மணியளவில் எமது தொலைபேசி ஒலித்தது. மாணவனின் தாயார். மகனுடைய தொலைபேசி எடுபடாதபடியால் எம்மை அழைக்கிறார் என்பது தெரிந்தது. நாம் எடுக்கவில்லை. சட்டைப்பைக்குள் அது ஒலித்து ஓயும்வரையில் அதனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தோம். சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒலித்தது. அப்போதும் எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்குச் சற்று முன்பு வான் வந்தது. அதன் வெளிச்சத்துக்குள்ளே ஒற்றை வெளிச்சமாக அவனும் வந்தான். நடந்தது இதுதான். குளத்தை அண்மிய இடத்தில், தெருவோரத்தில் ஒரு யானை நின்றது. அவன் அதைக் காணுமுன்பே, வழியில் நிறுத்தியிருந்த ஒரு லொறியின் சாரதி இறங்கி ஓடிவந்து அவனை மறித்து, வண்டியின் விளக்கை அணைக்கச்செய்து லொறிக்கு மறைவில் நிறுத்தியிருக்கிறார். சாரதிக்குத் தமிழ் தெரியாது. இவனுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். யானைகள், குட்டிகளோடு, ஒரு மணி நேரத்துக்கு மேலாக அங்குமிங்குமாகக் கடந்தனவாம். அந்நேரம் முழுதும் அவர் இவனை லொறியின் ஆசனத்தில் ஏற்றிவைத்து, தமது பணிசில் பாதியைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறார்.

"சேர் நிற்கேல்ல. அதால பெரிய றோட்டுத்தான் எண்டு நினைச்சன்" என்றான் எம்மிடம். குறையாகச் சொல்லவில்லை. தான் வழிதவறியதற்கு விளக்கம் சொல்லுகிறான்! தவறு தன்னுடையது என்ற எண்ணத்தோடேயே அவன் பேசினான் என்பதுதான் எம்மை அதிகம் சுட்டது. இளநீரைப்பற்றி அவனுக்கும் சொன்னோம். அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் தாகமாத்தான் இருந்தது சேர்" என்றான்.

அன்றிரவே தாயாரை அழைத்தோம். அவன் நலம் என்பதை முதலிற் சொல்லி, பிறகு சந்தியை விட்டது நாமே என்றும், இரண்டு தடவை அழைப்பை எடுக்காதிருந்ததும் நாமே என்றும் சொன்னோம். மறுபுறத்தில் நெடுநேரம் ஓசையில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம். பின்பு அவர், "சேர், நீங்களும் கவனமா வந்து சேருங்கோ" என்றார். திட்டியிருந்தால் நித்திரை கொண்டிருப்போம்.

நான்காம் நாட் காலையில் வழிகாட்டி எவரையும் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரையிலே அலைப்பலகை ஏறும் வெளிநாட்டார் கூட்டம் விழித்துக்கொள்ளும் முன்பே பாணமைக்குப் புறப்பட்டோம். பாணமைக்கு அப்பால் தார் நின்றுவிடுகிறது. செம்மண்ணும் பரலும் கலந்த வழி. இருபுறமும் முட்செடியும் சிறு குளங்களும். மயில்கள் தெருவை நடந்து கடந்தன. வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள் ஒரு மாதத்துக்கு மேலாக நடந்து இதே வழியால்தான் உகந்தையை அடைகிறார்கள். நாம் நான்கு நாட்களில் வந்து, முதுகு வலிக்கிறது என்று முறையிட்டுக்கொண்டிருந்தோம். உகந்தையிலே மலையடிவாரத்து முருகன் கோவிலில் வணங்கினோம். அதற்கப்பால் குமண வனம். மோட்டார் சைக்கிள்களுக்கு அங்கே வழியில்லை.

திரும்பும் வேளையில் வரிசை அமைத்தபோது, வழிகாட்டி எம்மைத் தமக்கு அடுத்தாற்போல் வரச்சொன்னார். காரணம் கேட்கத் துணியவில்லை. பொத்துவில் சந்தியிலே மீண்டும் கைகாட்டி எம்மை நிறுத்திவிட்டு வடக்கே போனார். வெயில் உச்சியில் இருந்தது. இளநீர்க்காரர் தம் கடையிலிருந்து கையசைத்தார். நாமும் அசைத்தோம், அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி அனுப்பினோம். ஐந்தாவதாக வந்த மாணவன் எம்மைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துத் தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்தினான். ஆறாவதாகச் சங்கிலிக்காரர். பின்பு சிறிது நேரம் தெரு வெறுமையாகக் கிடந்தது. ஒரு மாட்டுவண்டி வந்தது. ஒரு பேருந்து வந்தது. அதன் பின்னாலே மஞ்சள் மேலங்கி தெரிந்தது. வண்டியை இயக்கினோம்.